ஓய்வில் கெடும் யந்திரம்

மரம் அறுப்பதைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர், தம்முடைய தோப்பிலும் கொல்லையிலும் பட்டுப்போகிற, காற்றுக்கு விழுகிற, வேலியின்மேல் சாய்கிற மரங்களைத் துண்டு போடுவதற்காக மட்டும் ஒரு நடுத்தர விலையுள்ள யந்திர ரம்பத்தை வாங்கினால் அது போதுமா என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்களின் சந்தேகமெல்லாம் சக்தியைப் பற்றியதாகவே இருக்கிறது. 45 சிசி எஞ்சின் தென்னையை அறுக்குமா, சங்கிலி சுற்றியோடும் 18 அங்குல பார் முற்றிய வேம்புக்கு எட்டுமா, தொழில்காரர்கள் வைத்திருக்கும் பெரிய மிஷினுக்கு முன்னால் இது நிற்குமா என்பவையே கேள்விகள். அறுக்கும், எட்டும், நமது தேவைக்கு நன்றாகவே நிற்கும். ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதற்கடுத்த கோடையும் முழுதாக அப்படிப்பட்ட ஒரு யந்திரத்தோடு பழகிய பிறகு இதைச் சந்தேகமின்றிச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தில் நான் கண்ட முக்கியமான விஷயம் வேறொன்று. யாரும் கேட்காத அந்த விஷயத்தைத்தான் இங்கே விஸ்தாரமாக எழுத உத்தேசித்திருக்கிறேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது, ஒரு தலைமுறையின் உழைப்பு தரையில் கிடந்த துக்கத்தோடு, அதை அப்புறப்படுத்த ஆள் கிடைக்காத துக்கமும் சேர்ந்துகொண்டது. வெளியூரிலிருந்து மிஷினோடு வந்தவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்கச் சம்மதித்தும் முறை வருவதற்காகக் காத்துக்கிடந்தவர்கள் அநேகர். சொந்தமாக ஒரு மிஷின் வீட்டில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கும் எனக்குத் தெரிந்த பலருக்கும் மனத்தில் ஊன்றியது அப்போதுதான். ஆகவே எங்களுக்கு இது விளையாட்டுச் சாமான் அன்று. மாதக்கணக்கில் தேவையே இல்லாமல் கிடந்து, தேவைப்படுகிற அன்றைக்கு ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஓடவேண்டிய சாதனம்.

அதன் அங்க லட்சணங்களைக் கடைக்காரரே ஒப்பித்துவிடுவார். நான் அவற்றில் நேரம் போக்கப்போவதில்லை. 10,000 ரூபாய்க்கும் குறைவான விலையில், 58 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டி, 22 அங்குல பாரை மாட்டி விற்கிற மிஷின்கள் ஒரு பக்கம். 70 சிசிக்கு மேற்பட்ட, நாள் முழுவதும் ஓட்டுகிறவர்களுக்கான கனத்த மிஷின்கள் மறுபக்கம். இரண்டுக்கும் இடைப்பட்டது என்னுடையது. பெயரைக் குறிப்பிடவில்லை, நான் சொல்லப்போகிற குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதன்று, இந்த வகுப்புக்கே பொதுவானது. நீளமான பாரைப் பார்த்து மயங்காதீர்கள் என்று மட்டும் எச்சரிக்கிறேன். எஞ்சினுக்குத் தாங்காத நீளம், சங்கிலியின் வேகத்தைத் தின்றுவிடுவதோடு, பிடிப்பவரின் மணிக்கட்டையும் சோர்வடையச் செய்கிறது.

அறுக்கும் காட்சியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தென்னை மற்ற மரங்களைப் போன்றதன்று. வெளிப்புறம் வைரம், உள்ளே சோறு. பட்டையில் பல் பட்டதும் எஞ்சின் குரல் தாழ்ந்து முனகுகிறது. வைரத்தைத் தாண்டியதும் அந்தக் குரல் திடீரென்று இளகி, ஈரமான நார் கொத்துக் கொத்தாகக் காலடியில் விழுகிறது. மறுபுறத்து வைரத்தை எட்டும்போது மறுபடியும் முனகல். இந்த வைரமும், விழுந்து கிடக்கும் மரத்தின் அடியில் ஒட்டிய மணலும், சாதாரண எஃகுப் பல்லை வெகு சீக்கிரத்தில் மழுக்கிவிடுகின்றன. கூரான பல் சீவலாகத் தள்ளும், மழுங்கிய பல் மாவாகத் தள்ளும். மாவு விழத் தொடங்கியதும் அழுத்திப் பிடிக்காமல் மிஷினை நிறுத்தி, 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரத்தை எடுத்து, பல்லுக்குப் பல் முப்பது டிகிரி சாய்வில் ஒரே எண்ணிக்கையாக இழுப்புக் கொடுக்கவேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு கட்டையில் வண்டின் புழு இடமும் வலமுமாகத் தன் தாடையை ஓட்டி மரத்தைத் தின்றுபோவதைக் கூர்ந்து கவனித்து, அந்தத் தாடையின் வளைவையே பல்லாக்கி, 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சங்கிலியின் வமிசந்தான் இன்று பெரும்பாலான மிஷின்களில் ஓடுவது. அரத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் புழுவை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

பல் மழுங்குவது கண்ணுக்குத் தெரிகிற கேடு. அரை மணி நேரத்தில் தீர்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு வேறொன்று இருக்கிறது. மார்கழியோடு மழை ஓய்ந்து, தை மாதத்தில் துண்டு போடுகிற வேலையெல்லாம் முடிந்து, நன்றாகத் துடைத்துக் கொட்டகைப் பரணில் ஏற்றி வைத்த மிஷினை, சித்திரையில் பட்டுப்போன ஒரு பூவரசுக்காக இறக்கினேன். கயிற்றை இழுத்தேன். சோக்கில் ஒருமுறை உறுமிற்று. சோக்கை விடுவித்து விசையை அழுத்தியதும் மூச்சு அடங்கினாற்போல் நின்றுவிட்டது. எத்தனை இழுத்தும் அதே கதைதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நன்றாக இருக்கிறது. காற்று வடிகட்டியும் சுத்தமாக இருக்கிறது. தோள்பட்டை இற்றுப்போன பிறகு, பட்டுக்கோட்டையில் இத்தகைய மிஷின்களைப் பழுது பார்க்கும் ஓர் இளைஞரிடம் எடுத்துச் சென்றேன்.

அவர் கார்புரேட்டரைக் கழற்றி, மூடியைப் பிரித்து, உள்ளேயிருந்து கறுத்த சிறு தோல் ஒன்றை விரல் நுனியில் எடுத்துக் காட்டினார். நகத்தால் தட்டியபோது அது காய்ந்த பனையோலையைப்போல் சலசலத்தது. புதியது ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்; அது சத்தமே இல்லாமல் விரலோடு படிந்தது. "மிஷின்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. சும்மா வெச்சிருந்ததுதான். தினமும் ஓட்டுறவங்க மிஷின் இந்த வேலைக்கு இங்க வரவே வராது" என்றார். "ஓட்டாமலே இருந்ததால் கெட்டதா தம்பி?" என்று கேட்டேன். "பெட்ரோலோட வெச்சா கெடும்ங்க" என்று பதில் வந்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது அவசியம். பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரில் மிதவையோடு கூடிய ஒரு கிண்ணம் உண்டு; அது நிமிர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். மரம் அறுக்கும் மிஷினையோ பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்கவேண்டியிருப்பதால், கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப அந்தச் சவ்வு அசைந்து, ஒரு குட்டி நெம்புகோலைத் தள்ளி, ஊசி முனையளவு வாசலைத் திறந்து பெட்ரோலை விடுகிறது. சவ்வு விறைத்துப்போனால் வாசல் சரியாகத் திறக்காது; விசையை அழுத்தும்போது வேண்டிய பெட்ரோல் வராமல் எஞ்சின் பட்டினியால் நிற்கும். மேலும், வாரக்கணக்கில் நிற்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிட, மிஞ்சுவது பிசினாகப் படிந்து, பொடி எழுத்தின் புள்ளியளவான துவாரங்களை அடைத்துவிடுகிறது.

இத்தோடு இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் அறிமுகமாகி இன்று பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்க, இந்த மிஷின்களைச் செய்கிற பெரிய கம்பெனிகளோ தங்கள் கையேடுகளில் 10 பங்குக்கு மேல் வேண்டாம் என்றே எழுதுகின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீருமாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்குகின்றன. எஞ்சினுக்கு உயவாகக் கலந்த டூ டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. தொட்டிக்குள் கிடக்கும் உறிஞ்சுகுழாயின் முனை இருப்பது அடியில். ஆகவே எஞ்சினுக்குப் போய்ச் சேருவது எண்ணெய் இல்லாத நீர்க்கலவை. சவ்வு போனால் சில நூறு ரூபாயோடு போகும்; எண்ணெயில்லாமல் ஓடிப் பிஸ்டன் கோடு விழுந்தால் மிஷினின் விலையில் பெரும்பங்கு போய்விடும். கடற்கரைக்கு அருகே, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மிஷினை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏட்டு விஷயமன்று.

தொழில்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் கலந்த எரிபொருளை மாலைக்குள் அவர் எரித்துவிடுகிறார்; சவ்வு ஓய்வின்றி நனைந்து அசைந்துகொண்டே இருக்கிறது. அவருடைய மிஷினுக்கு உழைப்பே சோதனை; தாங்கு உருளைகளும் பிஸ்டனும் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கவேண்டும், அதற்காகவே அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். நம்முடையதற்கு ஓய்வே சோதனை. ஆகவே அதிக விலை கொடுத்துத் தொழில்காரரின் மிஷினை வாங்கிப் பரணில் வைத்தாலும், அதற்குள்ளும் இதே சவ்வு இதே வேகத்தில் விறைத்துப்போகும். கொடுத்த கூடுதல் பணத்துக்கு இந்த விஷயத்தில் எள்ளளவும் பிரயோஜனம் இராது. நடுத்தர மிஷின் போதும் என்று நான் துணிந்து சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான்.

என் கோபம் தயாரிப்பாளர்கள்மீது. சொந்த உபயோகத்துக்கு என்று தாங்களே வகைப்படுத்தி விற்கிற மிஷின் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? மேலுறையின் வளைவுக்கும் பளபளப்புக்கும் செலவிட்ட சிரத்தையில் ஒரு துளி, தொட்டியை எளிதாக வடித்துவிட ஒரு திருகுவாயிலுக்குச் செலவாகியிருக்கக்கூடாதா? பெட்டிக்குள் இருக்கும் கையேடு எத்தனையோ ஐரோப்பிய பாஷைகளில் பேசுகிறது, தமிழில் ஒரு வரி இல்லை. நீண்ட நாள் வைப்பதானால் தொட்டியைக் காலி செய்யவேண்டும் என்ற அதிமுக்கியமான எச்சரிக்கை, பின்பக்கங்களில் ஒன்றில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. விற்ற கடையிலும் கயிறு இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், சங்கிலியை இறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள், ஓய்வில் வைக்கும் முறையைப் பற்றி மூச்சு விடவில்லை.

முறை சுலபமானதுதான். அன்றைய வேலைக்கு வேண்டிய மட்டும் கலக்கவேண்டும்; 50-க்கு 1 என்ற விகிதத்தில் அரை லிட்டர் பெட்ரோலுக்கு 10 மில்லி ஆயில், அதை மருந்துக்கடைச் சிரிஞ்சால் அளந்து விடுகிறேன். வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, எஞ்சினை மறுபடி ஓட்டி, தானாக நிற்கும் வரை விடுகிறேன். பட்டுக்கோட்டை இளைஞர் சொன்ன இந்த வழக்கத்தை ஆரம்பித்த பிறகு, நீண்ட ஓய்வுக்குப் பின்னும் என் மிஷின் சில இழுப்புகளிலேயே எழுந்துகொள்கிறது, முதல் நாள் கண்ட அதே உற்சாகத்தோடு.

சங்கிலி எண்ணெய் பரணில் வடிந்து குட்டையாவது எல்லா மிஷின்களிலும் உள்ள தொந்தரவு. அடியில் பழைய தட்டு ஒன்றை வைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்தச் சங்கிலி எண்ணெய்த் தொட்டியில் லாரியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன். அதிலுள்ள உலோகப் பொடி பம்பையும் பாரையும் தேய்ப்பதோடு, அத்தனையும் நமது மண்ணில்தான் தெறித்து விழுகிறது.

ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரின் மூக்கில் மேற்பாதி எதன்மீதாவது பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். முன்கைக்காப்போடு இணைந்த பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்த பிறகே மரத்தின் அருகே செல்லவேண்டும். புயலில் வேரோடு சாய்ந்த தென்னையைத் துண்டிக்கும்போது, பாரம் நீங்கிய அடித்தூர் வேர்மண்ணோடு சட்டென்று எழுந்து பழையபடி குழியில் அமர்ந்துவிடக்கூடும். அந்தப் பள்ளத்தின் பக்கம் குழந்தைகளை அண்டவிடக்கூடாது. நிற்கிற மரத்தைச் சாய்ப்பதைத் தொழில்காரரிடமே விட்டுவிடுங்கள். கைலியும் ரப்பர்ச் செருப்புமாக இதை இயக்குகிறவர்களைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது.

மின்கலத்தில் ஓடும் ரம்பங்களுக்கு இந்தச் சவ்வுத் துன்பம் கிடையாது. கிளை கழிக்க மட்டும் வேண்டுமென்பவர் அவற்றைத் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் புயலடித்து ஒரு வாரம் மின்சாரம் இல்லாத ஊரில், பாதை மறித்துக் கிடக்கும் தென்னைகளுக்கு முன்னால் எனக்கு வேண்டியது பெட்ரோல் மிஷின்தான்.

எனவே வாங்கப் போகிறவர்கள் 40 முதல் 50 சிசிக்குள், 16 அல்லது 18 அங்குல பாரோடு கூடிய நடுத்தர மிஷினையே வாங்கலாம். எந்தக் கம்பெனி என்பதைத் தீர்மானிக்குமுன், கடைக்காரரிடம் அந்த மாடலின் கார்புரேட்டர் சவ்வு கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டு வரவழைப்பதாகச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இருக்கிறதென்றால், மிஷினோடு சேர்த்து அன்றைக்கே இரண்டு செட் வாங்கி வையுங்கள்.