‘நண்பன்’ கேட்காத கேள்வி

2012 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் ‘நண்பன்’ படத்தை ஹாஸ்டல் கூட்டத்தோடு போய்ப் பார்த்தேன். புராஜெக்ட்டை முடிக்க அவகாசம் கிடைக்காத மாணவன் இறந்துபோகிறான். அது தற்கொலை இல்லை, கொலை என்று நாயகன் முதல்வரிடம் சொல்கிறான். தியேட்டரே கைதட்டியது. நானும்தான்.

சமீபத்தில் அடையாறு அறையில் தனியாக மறுபடி பார்த்தபோது கை எழவில்லை. நாயகன் அந்த மாணவனுக்குத் தெரியாமலே, அவன் பாதியில் விட்ட கருவியைச் சரிசெய்கிறான். நல்ல மனசுதான். ஆனா கருவியோட உட்கார்ந்த நேரத்துல அவனோட யாரும் உட்காரல. ‘எப்படிடா இருக்க’ என்று ஒரு வார்த்தை கேட்கல. அவன் சாவு நாயகனுக்கு ஒரு வசனமாகிறது, அவ்வளவுதான்.

விடை படத்துக்கே தெரியும் என்பதுதான் வேடிக்கை. பிற்பாதியில் ஜீவா பாத்திரம் உயிரை விட முயன்று பிழைக்கும்போது, நண்பர்கள் கட்டிலை விட்டு நகர்வதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஏன் முன்னாடியே வரவில்லை?

இன்னொரு சிக்கல், படம் ஒரு நிறுவனத்தையே சத்யராஜின் முகமாகச் சுருக்கிவிடுகிறது. வில்லன் திருந்தினால் எல்லாம் சரி. நிஜத்தில் அப்படி ஒரு முகம் கிடைப்பதில்லை. 2023-இல் முதல் நான்கு மாதங்களுக்குள் சென்னை ஐஐடி நான்கு மாணவர்களை இழந்தது. காரணங்களை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை, ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி திலகவதி. ‘கல்மரம்’ நாவலுக்கு சாகித்ய அகாதமி வாங்கிய அதே திலகவதி. ஒரே காரணம், ஒரே குற்றவாளி என்று முடிகிற கதை இல்லை இது.

மாற்றமும் வசனத்தால் வருவதில்லை. ப்ளஸ் டூவில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு என்ற நிலையை மாற்றியது உடனடித் துணைத்தேர்வு. கைதட்ட ஒன்றுமில்லாத ஓர் அரசாணை, ஆனால் எத்தனையோ வீடுகளில் ஓர் இரவைக் கடக்க வைத்திருக்கும். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’வில், ராஜா அண்ணாமலைபுரத்தில், தன்னார்வலர்கள் செய்வதும் அதுபோல்தான்: போனை எடுத்துக் காது கொடுப்பது. இதை யார் படமாக எடுப்பார்கள்?

இரண்டாம் வருஷம் பக்கத்து அறை நண்பன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினான். நான் அவன் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுத்தேன். அதுவும் கருவி ரிப்பேர்தானே! ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன்: “மச்சான், செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயம். அப்படி ஆகாது என்று பின்னாடி படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் ரொம்ப நேரம் அழுதான். அப்புறம் பேசினான். மறுநாள் டாக்டரிடம் சேர்ந்தே போனோம்.

‘நண்பன்’ என்ற தலைப்புக்கு அந்த ஒரு கேள்வி போதும். படம் அதைக் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

(பேசணும்னு தோணினா: சிநேகா 044-24640050, டெலி மானஸ் 14416, தமிழக அரசு 104.)