‘நீரில் கரையும்’ என்ற இரண்டு சொல்

வைட்டமின் பற்றிப் பள்ளியில் படித்ததில் நம்மில் பலருக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு விதிதான். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரையும், உடம்பில் தங்கும். பி வகை எட்டும் சி-யும் நீரில் கரையும், தங்காது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கும்போதும் இதுதான் கை கொடுக்கிறது: “அதிகமானா என்ன சார், யூரின்ல போயிடும்.” மறுநாள் மஞ்சளாகப் போவதைப் பார்த்து உறுதியும் செய்துகொள்கிறோம். அந்த மஞ்சள் பி2-வின் நிறம். மற்ற ஏழு பி-க்கும் என்ன ஆனது என்று அது சொல்லாது.

நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு விதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் உடைகிறது என்று தேடுவது தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். இந்த விதியையும் அப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பெயர். 1916-ல் அமெரிக்காவில் மெக்காலம், கென்னடி என்ற இருவர் ‘கொழுப்பில் கரையும் ஏ’, ‘நீரில் கரையும் பி’ என்ற பெயர்களை முன்வைத்தார்கள். எலிகள் வளரத் தேவையான ஏதோ ஒன்று உணவின் கொழுப்பிலும், வேறு ஏதோ ஒன்று நீரில் கரைந்து வரும் பகுதியிலும் இருக்கிறது என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது. அது என்ன பொருள் என்று தெரியாது. அந்த ‘பி’ ஒன்றல்ல, பல என்பதே பிற்பாடுதான் தெரிந்தது. ஆக, இது ஆய்வுக்கூடக் குடுவையில் ஒட்டிய லேபிள். எதில் கரைத்தால் பிரியும் என்பதை மட்டும் சொல்வது. உடம்புக்குள் போன பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த லேபிளிலிருந்து படிக்க ஆரம்பித்தது நாம்தான்.

‘தங்காது’ என்பதை எடுத்துக்கொள்வோம். பி1, அதாவது தயமின், வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தமே சுமார் 25 முதல் 30 மில்லிகிராம். ஒரு நாள் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உணவில் வரவில்லை என்றால் சில வாரங்களில் கையிருப்பு காலி. இங்கே விதி சரி. பி12-க்கு வாங்க. அதுவும் நீரில் கரைவதுதான். ஆனால் உடம்பில் 2 முதல் 5 மில்லிகிராம் வரை, பெரும்பகுதி கல்லீரலில், சேர்ந்து இருக்கும். ஒரு நாள் தேவையோ 2.4 மைக்ரோகிராம் அளவுதான். வகுத்துப் பாருங்க, கணக்கு ஆண்டுகளில் வரும்.

இது வெறும் தகவல் பிழை இல்லை. பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்ட ஒருவர் ஒரு வருடம் கழித்து “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்கிறார். ஆகாதுதான், சேமிப்பிலிருந்து செலவாகிக்கொண்டு இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். பாதம் மரத்துப்போகும்போது காரணம் பல வருடம் பின்னால் இருக்கும். என்றைக்கோ மாற்றிய ஒரு வரி இன்றைக்குப் பக் ஆக வெளிப்படுவது போலத்தான். கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

அடுத்தது ‘மிச்சம் போய்விடும்’. 1983-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் ஏழு பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. ஏழு பேரும் பி6 மாத்திரையை ஒரு நாளைக்கு 2 முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள். கால் உணர்ச்சி போய், நடையே தடுமாறியது. நிறுத்தியதும் தேறத் தொடங்கினார்கள். தேவை ஒன்றரை மில்லிகிராமைச் சுற்றித்தான் என்பதால், அவர்கள் எடுத்தது ஆயிரம் மடங்குக்கு மேல். அப்படி யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பி6-க்கு வைத்த தினசரி உச்சவரம்பு 12 மில்லிகிராம்தான். பி6 மட்டும் 100 மில்லிகிராம் இருக்கும் மாத்திரைகள் கடையில் கிடைக்கின்றன.

இதில் என்னைப் பயமுறுத்துவது ஒரு சுழற்சி. பி12 குறைந்தாலும் பாதம் மதமதக்கும், பி6 நீண்ட நாள் மிகுந்தாலும் பாதம் மதமதக்கும். மதமதப்புக்கு மாத்திரை வாங்கி, போகவில்லை என்று இன்னொன்று கூட்டி, ‘மிச்சம் வெளியே போயிடும்’ என்ற தைரியத்தில் ஒருவர் தொடர்ந்தால், அந்தப் பள்ளிப்பாடம்தான் அவரை மருத்துவரிடம் போகவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது.

அப்படியானால் ‘நீரில் கரையும்’ என்பதற்குப் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது சமையற்கட்டில் இருக்கிறது. அதை விதி சொல்வதே இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. தீட்டிய சயாம் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம், புழுங்கலரிசி தின்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு அரிது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, பழைய பச்சரிசியில் ஏதோ விஷம் என்று நினைத்தார். ஃபிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒருவரும் இல்லை. முடிவு 1907-ல் வெளிவந்தது.

காரணம் அதே இரண்டு சொல்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் ஒரு பகுதி உள்ளேயே இருக்கும். ‘நம் முன்னோர் அன்றே அறிந்த விஞ்ஞானம்’ என்று இதற்குக் கொடி பிடிக்க வேண்டாம். குத்தும்போது குருணை குறையும், அரிசி கெட்டியாகும் என்பதே அந்தப் பழக்கத்துக்குப் போதுமான காரணம். பலன் தற்செயல். அதனால் அது சின்ன விஷயமும் ஆகிவிடாது.

அதே குணம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அரிசியை நாலைந்து முறை கசக்கிக் கழுவி, நிறைய தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால், இறங்கிய சத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போகிறது. அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தவரைக்கும் நஷ்டம் இல்லை. சிங்க்கில் கொட்டும்போதுதான் நஷ்டம். கீரையை வேகவைத்துத் தண்ணீரைப் பிழிந்து கொட்டினாலும் இதே கதைதான், அங்கே போவது ஃபோலேட்டும் சி-யும்.

என்னைக் கேட்டால் அந்த விதியை இப்படி மாற்றி எழுதுவேன்: “பி வகைகளும் சி-யும் நீரில் கரையும், ஆகவே கழுவும்போதும் வடிக்கும்போதும் உணவிலிருந்து போய்விடும். உடம்பில் எது எவ்வளவு தங்கும், எது மிஞ்சினால் கெடுக்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.” கொஞ்சம் நீளம்தான், மனப்பாடம் செய்யவும் கஷ்டம். ஆனால் இதைப் படித்த பிள்ளை நாளைக்கு மாத்திரை அட்டையைத் திருப்பி, எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கும்.