சோலையும் தூரிகையும்

பழந்தோட்டங்களின் பூங்காக்களையும் மரநிழற் பாதைகளையும் வரைய முற்படும் ஓவியர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். தோட்டத்தை அமைத்தவர் மண்ணையும் மரத்தையும் கொண்டு முன்னரே ஒரு காட்சியைத் தீட்டிவிட்டார். அதனை அவ்வாறே பெயர்த்தெழுதின் எஞ்சுவது ஓவியத்தின் நகலே. ஆதலின், அக்காட்சி ஆக்கப்பட்டதென்பதை உணர்த்துவதே இவ்வகை ஓவியத்தின் உரைகல் எனலாம்.

ஆங்கில ஓவியர் மேரியான் நோர்த் 1876இன் இறுதியில் இலங்கை வந்து களுத்துறையிலும் பேராதனையிலும் தைலவண்ண ஓவியங்கள் தீட்டினார். 1882இல் இலண்டன் கியூ பூங்காவில் திறக்கப்பட்ட அவரது கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. செடிகளைக் கொய்துவைத்து வரையாது, அவை வளரும் சூழலோடு வரைந்தமை அவரது தனிச்சிறப்பு. எனினும் தமிழ்மரபு நோக்கில் அங்கு ஒரு குறையுண்டு. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களுள் மரமும் புள்ளும் மட்டுமன்றித் தொழிலும் அடங்கும். நோர்த்தின் சோலைகளில் மரம் செழிக்கிறது. பேராதனைப் பூங்காவை 1821 முதல் பேணி வளர்த்த கைகளின் சுவடு அரிதாகவே புலப்படுகிறது.

பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்க தோட்டம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. இறப்பர்த் தோட்டமாயிருந்த அந்நிலத்தை 1940களின் இறுதியில் வாங்கிய கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, 2003இல் மறையும்வரை அதனைத் திருத்திவந்தார். ஏரி கண்ணிற்படும்பொருட்டுக் குன்றின் முகடு தாழ்த்தப்பட்டது. கிளைகள் பாரங்கட்டி வளைக்கப்பட்டன. இயற்கைபோலத் தோன்றும் அக்காட்சியின் பின்னே அரைநூற்றாண்டு உழைப்பு மறைந்துள்ளது. பாவாவின் பணியகத்தில் லக்கி சேனாநாயக்கவும் இஸ்மத் ரஹீமும் வரைந்த கட்டட வரைபடங்களில் மரங்கள் வெறும் அடையாளக் குறிகளாக நில்லாது, இலையும் கிளையுமாகத் தத்தம் உருவோடு நிற்கின்றன. மதிலும் மரமும், திட்டமும் வளர்ச்சியும் ஒரே தாளில் அருகருகே காணப்படுகின்றன. வண்ணச் சித்திரம் மறைத்ததை மைக்கோடு வெளிப்படுத்துகிறது. 1979ஆம் ஆண்டின் நாணயத்தாள்களில் இடம்பெற்ற விலங்கு, தாவர உருக்களும் சேனாநாயக்க வரைந்தவையே. அவை கல்முனைச் சந்தையிலும் கைமாறியவை.

இப்பார்வை செல்வர்தம் தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. கல்முனையின் கரைவாகு வட்டையும் மனிதர் ஆக்கிய நிலமே. வரம்பும் வாய்க்காலும் வாடியும் அங்கே திட்டமிட்டு எழுந்தவை. கரையோரத் தென்னந்தோப்புகளும் நட்டு நீரூற்றி வளர்க்கப்பட்டவை. ஆயினும் இவற்றை அழகுடைய காட்சியாகக் காணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. 2004 திசம்பர் 26இன் கடற்கோளில் அழிந்த தோப்புகளையும் வளவுகளையும் மீண்டும் காணத்தக்க ஓவியங்கள் எத்தனை உள்ளன? இவ்வினாவை நம் ஓவியரும் திறனாய்வாளரும் ஒருங்கே எதிர்கொள்ளல் வேண்டும். மருதத்தையும் நெய்தலையும் பாடிய மொழிக்குரியோர், அந்நிலங்களை உழைப்போரின் உருவோடு தீட்ட முன்வருதல் காலத்தின் தேவையாகும்.