க.நா.சு.வின் பரிந்துரையும் புனைவு வகைமையும்

எழுத்தாளர் பெயரைச் சொல்லி வாசகரை அவர்பால் ஆற்றுப்படுத்துவதையே ஒரு திறனாய்வுச் செயலாக நிறுவியவர் க.நா. சுப்ரமண்யம் (1912–1988). ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் நூல்தலைப்பே அதற்குச் சான்று. நட் ஹாம்சனை ‘நிலவளம்’ என்றும், செல்மா லாகர்லெவை ‘மதகுரு’ என்றும், பேர் லாகர்குவிஸ்ட்டை ‘அன்புவழி’ என்றும் தமிழாக்கியதும் பரிந்துரையின் மற்றொரு வடிவமே. பெயரோடு நில்லாது நூலையே கையில் கொடுத்தார்.

தனிமனித ரசனையை அளவுகோலாக்கினார் என்பது அவர்மீதான பழைய குற்றச்சாட்டு. கைலாசபதியின் ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ (1980) அதனைக் கடுமையாகவே முன்வைத்தது. எனினும் ரசனையா சமூகமா என்னும் அவ்விவாதத்தில் வகைமை குறித்த வினா உரிய இடம் பெறவில்லை.

‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர், மாதவையா ஆகியோருடன் நடேச சாஸ்திரியும் அதில் இடம்பெறுகிறார். ஆயின் தெரிந்தெடுக்கப்பட்டது ‘தீனதயாளு’. அதே ஆசிரியர் 1894இலேயே ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ என்னும் துப்பறியும் புனைவை வெளியிட்டிருந்தார். மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ வெளிவந்ததோ 1898இல். தலைப்பே பல குற்றங்களைச் சுட்டுவதால் ‘தானவ’னை நாவலெனக் கொள்ளலாமா என்னும் ஐயம் நியாயமானது. ஆயினும் ‘முதல்’ என்னும் சொல் இங்குக் காலவரிசையோடு தர மதிப்பீட்டையும் சுமக்கிறது. ஓர் ஆசிரியரின் ஒரு பாதி மரபாகிறது. மறு பாதி தகவலாக எஞ்சுகிறது. இத்தெரிவுக்கான காரணம் விரித்துரைக்கப்பட்டிருப்பின் ஏற்கவோ மறுக்கவோ இயலும். பெயர்ப்பட்டியலை மட்டும் வழிவழியாகப் பெறும் பாடத்திட்டத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

எதிர்முனையில், சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் ஜனரஞ்சகக் கதைத்தொகுப்பு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரை ஒருங்கே நிறுத்தியது. துணிவான தெரிவுதான். ஆனால் ‘ஜனரஞ்சகம்’ என்னும் ஒற்றைக் குடையின்கீழ் குற்றக்கதையும் காதற்கதையும் ஒரே சுவைக்குரியனவாகத் தோற்றம் கொள்கின்றன. தீர்வுக்குமுன் தடயம் வாசகர் கண்ணில் பட்டதா என்பது முன்னதற்குரிய வினா. காதலர் கூடுவதிலுள்ள தாமதம் அவர்தம் இயல்பிலிருந்து பிறக்கிறதா, தற்செயலிலிருந்தா என்பது பின்னதற்குரியது.

சுஜாதாவைப் பரிந்துரைப்போர்க்கு இச்சிக்கல் ஒரே ஆசிரியரிடத்தில் எதிர்ப்படும். ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’, ‘என் இனிய இயந்திரா’, கணேஷ்–வசந்த் கதைகள் ஆகியவற்றை ஒரே பெயரால் சுட்டுவது அரைகுறையான பரிந்துரை. ‘கொலையுதிர் காலம்’ இன்னும் கடினமானது. கணேஷ் அறிவியல் விளக்கத்தைப் பற்றிநிற்க, வசந்த் அமானுடத்தின் பக்கம் சாய, முடிவு ஐயத்திலேயே விடப்படுகிறது. துப்பறியும் கதையாக வாசிப்போர்க்கு அது விதிமீறல். பேய்க்கதையாக வாசிப்போர்க்கு அதுவே அந்நாவலின் வலிமை.