முக்கோணத்துக்குள் அடங்காத காற்று

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தலில் ரெண்டு பக்கமும் காற்றாலைகள். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிக்குள் நெருக்கிப் புகுந்து வேகம் பிடிக்கிற இடம் அது. ஆனி, ஆடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலைமுடி நம்ம பேச்சைக் கேக்காது.

அந்தக் காற்றை வைத்துத்தான் அக்கா மகளிடம் ஒரு கணக்கு கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் காற்றின் திறன், வாட் கணக்கில், ஏறத்தாழ 0.6 × வேகம்³. திறன் 600 வாட் என்றால் வேகம் என்ன?

"மாமா, இதுக்கு முக்கோணம் எதுவாக்கும்?" என்று கேட்டாள். பிறகு 600-ஐ 0.6-ஆல் வகுத்து 1000 எடுத்தாள். மேலே இருந்த 3-ஆலும் வகுத்து, நொடிக்கு 333 மீட்டர் என்றாள். கிட்டத்தட்ட ஒலியின் வேகம்! அப்படி ஒரு காற்று அடித்தால் ஆரல்வாய்மொழியில் காற்றாலை மட்டுமா, ஒரு ஓடு மிஞ்சாது. சரியான விடை 10.

பிள்ளையைக் குறை சொல்ல வரவில்லை. என் விமர்சனம் அந்த முக்கோணத்தின் மேல்தான்.

கைடுகளிலும் டியூஷன்களிலும் பார்த்திருப்பீர்கள். முக்கோணத்தின் உச்சியில் 'வி', கீழே 'ஐ', 'ஆர்'. வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சம் விடை. ஓம் விதி, அடர்த்தி, வேகம் எல்லாத்துக்கும் ஆளுக்கொரு முக்கோணம். வேலை செய்யுமா? செய்யும். ஆனால் ஒன்று, வேறு ரெண்டின் பெருக்கலாக இருக்கும்போது மட்டும். இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம் என்று ஒரு கூட்டல் வந்தாலே கதை முடிந்தது. வர்க்கம், கனம் வந்தால் மேலே பார்த்த மாதிரி ஆகும்.

இன்னொரு வேடிக்கை. உச்சியில் யார் உட்காரவேண்டும் என்பதற்கு மூலச் சமன்பாடு தெரிந்திருக்கவேண்டும். அது தெரிந்தால் முக்கோணம் எதுக்கு?

இதற்கு அண்ணன் ஒருத்தன் உண்டு: "அந்தப் பக்கம் கொண்டுபோனா குறி மாறும்." ஏன் மாறுகிறது என்று சொல்வதில்லை. அதனால்தான் 2 × நீளம் = 10 என்றால், 2-ஐ அந்தப் பக்கம் தூக்கிப்போட்டு 10 − 2 = 8 என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. கோட்டாறு கடைகளில் இருந்த பழைய ரெட்டைத்தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடுத்ததை மறு தட்டிலும் எடுத்தால்தான் முள் நேராக நிற்கும். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருக்கிற 'அல்-ஜபர்' என்ற சொல்லுக்கும் குறையைச் சரிக்கட்டுவது என்றுதான் பொருள். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்தது.

முக்கோணத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்லணும். நாளைக்குப் பரீட்சை, இன்னைக்கு ராத்திரி பயம். அந்த நேரத்தில் அது நாலு மார்க் வாங்கித் தரும். அதை மறுக்கவில்லை. ஆனால் ஊன்றுகோலைக் கால் என்று சொல்லிக் கொடுத்தால், அது பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் ஒன் இயற்பியலில் பிள்ளை தடுக்கி விழும்போது "உனக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். வராதது கணக்கல்ல, நாம் சொல்லித் தராதது.

மறுபடி உட்கார்ந்தோம். ரெண்டு பக்கத்தையும் 0.6-ஆல் வகு. வேகம்³ = 1000. "அப்போ எந்த எண்ணை மூணு தடவை பெருக்கினா ஆயிரம், மக்களே?" பத்து என்றாள். திருப்பி வைத்துப் பார்க்கச் சொன்னேன், 600 வந்தது. பிறகு அவளாகவே வேகத்தை 5 ஆக்கிப் பார்த்தாள். 75 வாட்.

"பாதி வேகத்துக்கு எட்டுல ஒரு பங்குதானா மாமா? அதான் எல்லா காற்றாலையையும் கொண்டுபோய் முப்பந்தல்ல நட்டிருக்கானுவளா?"

அதேதான். எந்த முக்கோணத்தை மறைத்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.