ஐந்தாண்டு நிதியும் தோல் நோயின் காலமும்

தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமிக்கு இதே வேலைக்கு இருபது நிமிடம் போதும். நார்வேயின் ஹான்சன் 1873-இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் இன்றுவரை அதை எந்த ஆய்வகத்திலும் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியவில்லை. 1960-இல் ஷெப்பர்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் சுண்டெலியின் பாதத்தில் அதை வளர்த்துக் காட்டினார். அந்த முறையில் ஒரு மருந்தைச் சோதித்து விடை காண ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும். மனிதர்களிடமோ, கிருமி தொற்றி நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகும். மூன்று ஆண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டு, முதல் வருடத்தைக் கருவி வாங்குவதிலும் கடைசி வருடத்தைக் கணக்கு முடிப்பதிலும் கழிக்கும் ஆய்வாளர் இந்த நோயை எப்படிப் பின்தொடர்வார்? வளர்ந்து வரும் தோல் நோய் ஆய்வாளர்களுக்கு நீண்ட கால ஃபெலோஷிப் வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் அப்படியொரு நிதி இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-09-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், தனி ஆய்வாளர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஃபெலோஷிப் தருகிறது. இதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி இந்திய அரசின் பங்கு, 500 கோடி வெல்கமின் பங்கு. முதல் இரண்டு கட்டங்களில் 2,388 கோடி ரூபாயில் 721 ஆய்வு நிதிகள் வழங்கப்பட்டதாக அரசே சொன்னது. தொகையைவிட என்னைக் கவர்ந்தது வேறொரு ஏற்பாடு. புதிய ஃபெலோஷிப்புகள் 2030-31 வரைதான் வழங்கப்படும். ஆனால் வழங்கியவற்றுக்கான பணம் 2037-38 வரை தொடர்ந்து வரும் என்று இப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டை எதிர்பார்த்து நிற்கும் நம் அறிவியல் உலகில் இது பெரிய விஷயம். தேர்வு முறையும் நல்லது. ஆளைப் பார்க்கிறார்கள், அவர் கேட்கும் கேள்வியைப் பார்க்கிறார்கள். நிரந்தர வேலையில் இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம்.

இத்தனை நல்லதும் தோல் நோயாளி வரிசையில் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி. அதைப் புனேயில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஏனென்றால் தோல் ஆய்வுக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரே ஊரில் இருக்கின்றன. கணேஷ்கிண்டில், பல்கலைக்கழக வளாகத்துக்குள், தேசிய உயிரணு அறிவியல் மையம். அதற்கு அப்பால் பாஷாணில் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசர், தேசிய வேதியியல் ஆய்வகம். ரயில் நிலையத்தை ஒட்டி சசூன் பொது மருத்துவமனை, அதனோடு இணைந்த பி.ஜே. மருத்துவக் கல்லூரி. கோந்த்வாவில் பண்டோராவாலா தொழுநோய் மருத்துவமனை. ஃபெலோஷிப் பணம் இயல்பாகப் போய்ச் சேர்வது கணேஷ்கிண்டுக்கும் பாஷாணுக்கும்தான். நோய் வந்து சேர்வது சசூனுக்கும் கோந்த்வாவுக்கும்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு நாள் காலை நடப்பதைப் பாருங்கள். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரையோடு வருபவரின் தோலை, மழுங்கிய கத்தியால் செதில் உதிரும்படி சுரண்டுகிறார் இளம் மருத்துவர். கண்ணாடித் துண்டில் அந்தச் செதிலை வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, லேசாகச் சூடு காட்டி, நுண்ணோக்கியில் பார்க்கிறார். பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டுத் தெரிகின்றன. அடுத்தவருக்குக் காது மடலைக் கிள்ளிப் பிடித்து, சிறிதாகக் கீறி, கசியும் நீரைத் தடவி எடுத்து, தொழுநோய்க் கிருமி உண்டா என்று பார்க்க வேண்டும். இவை முடிந்ததும் சீட்டு எழுதப்படும், கண்ணாடித் துண்டு கழுவப்படும், அடுத்தவர் உள்ளே வருவார். அந்தப் பூஞ்சையை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சோதித்து, ஆறு மாதம் கழித்து நோய் திரும்பியதா என்று விசாரித்துக் குறித்து வைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அந்த நேரமின்மைக்கு நாம் கொடுத்த விலை சிறியதல்ல. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளாக நாடெங்கும் மருந்துக்கு மசியாத படர்தாமரை பரவியது. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்பை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் பழக்கம் நோயை முற்றவைத்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில்தான் பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் வந்தன. அதே ஆண்டில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் அனுராதா சௌதரியின் குழுவும், சண்டிகரில் சிவப்பிரகாஷ் ருத்ரமூர்த்தியின் குழுவும் டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத பூஞ்சையில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று காட்டினார்கள். அவர்களின் உழைப்பு அருமையானது. ஆனாலும் இந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டு, தனி இனமாக 2020-இல் அறிவித்தது ஜப்பானியக் குழு. அங்கே சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சை அது. நம் புறநோயாளர் பிரிவுகளில் தினமும் குவிந்துகொண்டிருந்த நோய்க்கு அடையாளம் தர, அந்த நோயாளிகள் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஃபெலோஷிப் கேட்டு மருத்துவர்கள் ஏன் போதுமான அளவு வருவதில்லை? அவர்களுடைய காலக்கணக்கு வேறு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, அதன் மேல் அரசுக்குக் கட்டாயப் பணி. முடிக்கும்போது முப்பதை நெருங்கிவிடுவார். முதுநிலை ஆய்வேட்டைத் தவிர ஆய்வுப் பழக்கம் கிடையாது. பிஎச்.டி. முடித்து, வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்து, கட்டுரைகளோடு வருபவரின் விண்ணப்பத்தின் பக்கத்தில் இவருடையது மெலிந்துதான் தெரியும். இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்று தனி வழி வைத்திருப்பது இதை உணர்ந்துதான். அது போதவில்லை. தோல் மருத்துவம் இன்று முதுநிலை மாணவர்கள் போட்டி போட்டு எடுக்கும் பிரிவு. லேசர், முடி, அழகு சிகிச்சை என்று வெளியே காத்திருக்கும் வருமானம் அப்படி. அதை மீறி ஆய்வுக்கு வரும் ஒருவரை மதிப்பெண் கணக்கில் தோற்கடிப்பது நாட்டுக்கே நட்டம்.

வழி இருக்கிறது என்பதற்கும் புனேயே சாட்சி. நம் நாட்டில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே துறை. 1992-இல் புனேயின் போசரியில் தேசிய எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபின், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அமெரிக்க அரசின் நீண்ட கால நிதியில், புனேயின் பால்வினை நோய் மருத்துவ மையங்களுக்கு வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1997-இல் ராமன் கங்காகேட்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு நாட்டையே உலுக்கியது. பாலியல் தொழிலில் இல்லாமல் அந்த மையங்களுக்கு வந்த பெண்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கணவரைத் தவிர வேறு உறவு இருந்ததில்லை. வீட்டுக்குள் இருக்கும் மனைவிக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கையை அது தகர்த்தது. நோயாளியின் எதிரே அமர்ந்தவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் ஆண்டுக்கணக்கில் தடையின்றிக் கிடைத்ததால் விளைந்த அறிவு இது.

அப்படி வெளியிலிருந்து வரும் நிதியின் குறையும் வெளிப்படையானது. பணம் கொடுப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் விடை தேடப்படும். எச்.ஐ.வி.க்கும் காசநோய்க்கும் வந்த நிதி படர்தாமரைக்கும் சிரங்குக்கும் வரவில்லை. சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்ததே 2017-இல்தான். தோல் ஆய்வுக்கென்றே நிதி தரும் வெளிநாட்டு அறக்கட்டளைகளை நம்பலாமே என்பார்கள். அவற்றுள் பெரியதான டென்மார்க்கின் லியோ அறக்கட்டளை, அதே பெயர் கொண்ட மருந்து நிறுவனத்தின் பெரும்பங்கு உரிமையாளர். சொரியாசிஸுக்கும் எக்ஸிமாவுக்கும் அங்கே கவனம் கிடைப்பது இயல்பு. அந்த ஆய்வுகளும் நமக்குத் தேவைதான். ஆனால் உலகில் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 2005 முடிவில் நோயை ஒழித்த நிலையை எட்டிவிட்டோம் என்று அறிவித்துக்கொண்ட நாடு இது. அந்த அறிவிப்புக்குப் பிறகு இளம் ஆய்வாளர் எவரும் தொழுநோயைத் தன் வாழ்நாள் வேலையாக எடுக்கத் தயங்குவதில் வியப்பென்ன?

இன்னொரு ஐயமும் எனக்கு உண்டு. வருங்காலத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது என்ற எண்ணமே தோல் நோய்க்கு எவ்வளவு பொருந்தும்? செங்கல்பட்டு மாவட்டத்தில் எம்.டி. குப்தே தலைமையில் 1991-இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுமார் 1.7 லட்சம் பேருக்கு ஊசி போட்டு, ஆண்டுகள் கழித்து வீடு வீடாகப் போய் உடல் முழுதும் பார்த்தார்கள். 1998-இல் வெளியான முடிவில், மும்பை புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் எம்.ஜி. தேவ் குழுவினர் உருவாக்கிய ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி 65.5 விழுக்காடு பாதுகாப்பு தந்தது, பி.சி.ஜி. மட்டும் போட்டால் 34.1. தலைவர் ஒருவர் இருந்தார், உண்மை. ஆனால் தொழுநோயின் மங்கிய தேமலைச் சாதாரணத் தேமலிலிருந்து பிரித்தறியும் களப்பணியாளரும், பதிவேட்டை விடாமல் காத்தவரும் இல்லாமல் அந்த எண்கள் வந்திருக்க முடியாது. தனிநபர் ஃபெலோஷிப் எதுவும் இப்படிப்பட்ட வேலையைத் தாங்காது. பூஞ்சை வளர்க்கத் தெரிந்த டெக்னீஷியனை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வைத்திருந்து, பணம் நின்றதும் அனுப்பிவிட்டால், அவர் கையோடு அந்தத் திறமையும் போய்விடும்.

ஃபெலோவின் கதியும் அதேதான். மத்திய அரசின் இன்ஸ்பயர், ராமலிங்கசாமி ஃபெலோஷிப்புகளும் ஐந்தாண்டு நிதிகளே. எதற்கும் முடிவில் வேலை உத்தரவாதம் கிடையாது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதாகச் செய்திகள் வருகின்றன. நான்காம் ஆண்டில் ஆய்வு சூடுபிடிக்கும் நேரத்தில் வேறு கல்லூரிக்கு நேர்காணல் கொடுக்க அலைகிறார்கள்.

மூன்றாம் கட்டத்து நிதியில் ஒரு சிறு பங்கையாவது அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைக்கென்று ஒதுக்கி, அதை வேறு விதமாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஃபெலோவின் புறநோயாளர் பணியில் பாதியைச் செய்ய இன்னொரு மருத்துவரை நியமிக்கும் செலவு அதில் அடங்க வேண்டும். டெக்னீஷியன் பதவி ஐந்தாண்டுக்குப் பின் மாநில அரசின் நிரந்தரப் பதவியாகும் என்ற ஒப்பந்தம் முதலிலேயே கையெழுத்தாக வேண்டும். முதல் ஐந்தாண்டில் நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தவருக்கு, கட்டுரைகளை எண்ணாமல், இரண்டாவது ஐந்தாண்டு கிடைக்க வேண்டும். கூடவே மாநில அரசிடம் இன்னொரு வாக்குறுதி எழுத்தில் பெற வேண்டும். மகாராஷ்டிரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் இடமாற்றத்துக்கு உட்பட்டவர்கள். சசூனில் நோயாளிகளைச் சேர்த்துப் பின்தொடரத் தொடங்கிய ஒருவரை மூன்றாம் ஆண்டில் வேறு மாவட்டத்துக்கு மாற்றினால், அவருடைய ஃபெலோஷிப் கூடப் போகலாம். நோயாளிகள் போக மாட்டார்கள்.