கிரப் பூட்லோடர் - ஒரு திறனாய்வு

கிரப் என்பது கணினியை இயக்கியதும் இயங்குதளத்தின் கெர்னலை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். எரிக் போலின் 1995இல் குனூ ஹர்டு இயங்குதளத்துக்காக இதை எழுதத் தொடங்கினார். 1999இல் இது குனூ திட்டத்தின் அதிகாரப்பூர்வ மென்பொருளானது. புதிதாக எழுதப்பட்ட கிரப் 2இன் 2.00 பதிப்பு 2012இல் வெளிவந்தது.

சிறப்பு

முன்பு பரவலாக இருந்த லிலோ, கெர்னல் கோப்பு வன்வட்டில் எந்த இடத்தில் உள்ளது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி இயக்க மறந்தால் கணினி தொடங்காது. கிரப் கோப்பு முறைமையைத் தானே படித்து, கோப்பைப் பெயரால் தேடி எடுக்கிறது. இதுவே அதன் பெரும் பலம்.

குறை

எம்பிஆர் முறையில் வன்வட்டின் முதல் 512 பைட்டில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுக்கு மேல் இல்லை. எனவே கிரப்பின் அடுத்த பகுதி, முதல் பிரிவுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் வைக்கப்படுகிறது. மற்ற கோப்புகள் எந்தப் பிரிவில் உள்ளன என்பதை அது பிரிவின் எண்ணால் நினைவில் வைத்திருக்கும். சிக்கல் இங்குதான் பிறக்கிறது.

எம்பிஆரில் லாஜிக்கல் பிரிவுகளின் எண் 5இல் தொடங்கும். லினக்சு 6ஆம் பிரிவில் இருக்க, விண்டோசிலிருந்து 5ஆம் பிரிவை நீக்கினால், 6 என்பது 5 ஆகிவிடும். கிரப் பழைய எண்ணையே தேடி, "அப்படியொரு பிரிவு இல்லை" என்று கூறி, 'கிரப் ரெஸ்கியூ' என்ற வெற்றுத் திரையில் நின்றுவிடும். கோப்புகள் அனைத்தும் பத்திரமாக உள்ளன. தொலைந்தது முகவரி மட்டுமே. ஆனால் அந்தச் செய்தி இதைச் சொல்வதில்லை. எல்லாம் அழிந்துவிட்டது என்று எண்ணி வன்வட்டை பார்மட் செய்பவர், இருந்த தரவையும் தம் கையாலேயே இழக்கிறார்.

எண்ணிடும் முறையும் குழப்பமானது. கிரப் 2 வன்வட்டுகளை 0இலிருந்தும் பிரிவுகளை 1இலிருந்தும் எண்ணுகிறது. பழைய கிரப் இரண்டையும் 0இலிருந்தே எண்ணியது. பழைய குறிப்பைப் பார்த்துச் செய்பவர் வேறொரு பிரிவைச் சுட்டிவிடுவார்.

தீர்வு

ரெஸ்கியூ திரையில் 'எல்எஸ்' கட்டளை பிரிவுகளைப் பட்டியலிடும். கிரப் கோப்புகள் உள்ள பிரிவைக் கண்டறிந்து, 'செட்' கட்டளையால் 'பிரிஃபிக்ஸ்' மதிப்பைத் திருத்தி, 'இன்ஸ்மாட் நார்மல்', 'நார்மல்' ஆகியவற்றைத் தந்தால் வழக்கமான பட்டியல் தோன்றும். லினக்சுக்குள் நுழைந்தபின் 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையை இயக்க வேண்டும். எம்பிஆர் முறையில் அதற்குத் தர வேண்டியது முழு வன்வட்டின் பெயர். பிரிவின் பெயர் அன்று. 'அப்டேட்-கிரப்' பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். பழைய எண்ணைத் திருத்தாது.

ஜிபிடி முறையில் மேற்சொன்ன வெற்றிடம் இல்லை. பயாஸ் வழியில் தொடங்கும் கணினிக்கு 1 எம்பி அளவில் 'பயாஸ் பூட்' பிரிவும், யுஇஎஃப்ஐ கணினிக்கு இஎஃப்ஐ பிரிவும் தேவை. கையால் பிரிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதையே.

மதிப்பீடு

நுட்பத்தில் கிரப் உறுதியான படைப்பு. பழுதைச் சொல்லும் மொழியில்தான் அது பின்தங்கியுள்ளது. எது கெட்டது என்பதோடு, எது கெடவில்லை என்பதையும் ஒரு வரியில் சொன்னால், அவசரத்தில் அழிக்கப்படும் தரவு பலவும் தப்பும்.